வாடகைக்காரர் காலி செய்த பிறகு சுவர் முழுக்க ஓதம்: அட்வான்ஸில் பிடிக்கலாமா?

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 5, 2025

வணக்கம். வேலை திருச்சியில். முதலீடாக மேடவாக்கத்தில் ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கிப் போட்டிருக்கிறேன், இரண்டாவது மாடி, 950 சதுர அடி. பத்திரச் செலவோடு 61 லட்சம் ஆனது. 2020 மார்ச் முதல் வாரத்தில் சாவி கொடுத்தார்கள், அதே மாதம் ஊரடங்கு. கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது, அப்புறம் சொந்தக்காரப் பையன் ஒருவன் தங்கியிருந்தான். 2022 ஜூனிலிருந்து ஒரு குடும்பம். வாடகை 18,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், அதாவது 90,000. போன மாதம் 28ஆம் தேதி காலி செய்தார்கள்.

சாவி வாங்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய பெட்ரூமில் குளியலறையை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது, உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அந்தச் சுவரோடு சேர்த்து அடித்த வார்ட்ரோப் பிளைவுட் ஊதி, கதவு மூடவில்லை. குளியலறைக் கதவின் அடிப்பகுதி உளுத்துப் போயிருக்கிறது. கொசுவலை இரண்டு ஜன்னலில் கிழிசல். ஸ்விட்ச் மூன்று, குழாய் இரண்டு உடைசல்.

மேஸ்திரி ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டேன். சுவர் உடைத்துப் பூச 24,000, வார்ட்ரோப் 38,000, வீடு முழுக்க பெயிண்ட் 32,000, கதவு 7,500, கொசுவலை 4,500, ஸ்விட்ச் குழாய் வகையறா 6,000. மொத்தம் 1,12,000. அட்வான்ஸை முழுசாகப் பிடித்தாலும் எனக்கு 22,000 கையைக் கடிக்கிறது. அதையும் அவரிடம் கேட்கலாமா? மூன்று வருடம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு இப்படி விட்டுப் போவது நியாயமா?

---

வட்டிக்கணக்கு · அக்டோபர் 5

வருடத்துக்கு 2,16,000 வாடகை. 61 லட்சத்துக்கு அது மூன்றரை சதவீதம். அதிலும் பாதிக்கு மேல் மேஸ்திரிக்கு. 7 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் 4,27,000 வந்திருக்கும், டைல்ஸும் பெயராது.

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 5

சார், இது ஒவ்வொரு இழையிலும் நீங்கள் சொல்வதுதான். எஃப்டி மதிப்பு ஏறாது, மனை ஏறும். இப்போது அதுவா பிரச்சினை?

---

வட்டிக்கணக்கு · அக்டோபர் 5

மனை ஏறும். உங்களிடம் இருப்பது மனையின் ஒரு துண்டுப் பங்கும் அதன் மேல் நிற்கும் கட்டடமும். கட்டடம் வருடா வருடம் இறங்கும். சரி, நான் போகிறேன்.

---

கொத்தனார்மகன் · அக்டோபர் 5

அவர் சொல்வதில் பாதி உண்மை, ஆனாலும் அதை விடுங்கள். மாடிவீட்டுக்கார அண்ணா, உங்கள் கணக்கு இருக்கட்டும். முதலில் ஒரு கேள்வி: அந்தச் சுவர் எப்படி நனைந்தது?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கலாம், பிள்ளைகள் கிறுக்கலாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றலாம். ஆனால் பெட்ரூம் சுவரை உள்ளிருந்து ஊற வைக்க அவரால் முடியாது. ஈரம் எங்கிருந்தோ வருகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் 24,000 கொடுத்துப் பூசினால் அடுத்த ஆடிக்குள் மறுபடி பொரியும்.

ஓதம் எப்போது வருகிறது என்று பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். மழை பெய்த பிறகு மட்டும் நனைந்தால் வெளிச்சுவரில் விரிசல், இல்லாவிட்டால் ஜன்னல் சன்ஷேடு சேரும் இடம். மேல்வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஈரம் என்றால் எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாய். மேல்வீட்டார் ஊருக்குப் போன நாளில் காய்ந்து, திரும்பி வந்து குளிக்க ஆரம்பித்ததும் நனைந்தால் அவர்களுடைய குளியலறைத் தரை அல்லது கழிவுக் குழாய்.

இந்த மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஃபிளாட்களில் குளியலறைத் தளத்தைச் சுமார் ஒரு அடி இறக்கி வார்த்திருப்பார்கள், நாங்கள் சங்கன் என்போம். அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். நானி ட்ராப், அதாவது தரைத் தண்ணீர் வடியும் வாய், குழாயோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் போதும். குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், சங்கன் முழுவதும் ஒரு மூடிய தொட்டி ஆகிவிடும். அது நிரம்ப இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். நிரம்பிய பிறகு கீழ்வீட்டுச் சுவர்தான் வழி.

இரண்டாவது மாடிக்கு மேலே மூன்றாவது மாடி குளியலறை அதே இடத்தில்தானே இருக்கும்? போய்ப் பாருங்கள்.

---

வாடகைப்பறவை · அக்டோபர் 6

நான் எதிர்ப்பக்கத்து ஆள். பதினொரு வருடத்தில் சென்னையில் ஐந்து வாடகை வீடு. ஒரு முறை நாலு ஆணித் துளைக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். இன்னொரு வீட்டில் நான் வருவதற்கு முன்பே கீறியிருந்த கிரானைட்டுக்கு என்னிடம் 9,000 கேட்டார்கள். அதற்குப் பிறகு சாவி வாங்கிய அன்றே, பெட்டி படுக்கை இறக்குவதற்கு முன்னால், வீடு முழுக்கப் படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். இப்போது இருக்கும் போரூர் வீட்டுக்கு 214 படம். ஓனர் அம்மா பயந்தே போய்விட்டார்.

சார், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சுவர் ஒரே நாளில் இப்படி ஆகாது. அந்தக் குடும்பம் உங்களிடம் ஒரு தடவைகூட இதைச் சொல்லவே இல்லையா?

---

கறுப்புக்கோட்டு · அக்டோபர் 6

தொழில்முறை வழக்கறிஞர். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணையைப் பலர் படிப்பதே இல்லை. எந்த ரிப்பேர் யாருடையது என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அதுதான் கணக்கு.

கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் மாற்றுவது, பெரிய அளவில் ஒயரிங் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் தலையில். தண்ணீர்க் குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர், வாஷ்பேசின், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவருடையது. உங்கள் பட்டியலை இதன்மேல் வைத்துப் பாருங்கள்: கொசுவலை 4,500, ஸ்விட்ச் குழாய் 6,000. ஆக 10,500. பெயிண்ட் உங்களுடையது. குளியலறைக் கதவு அடியில் உளுப்பது உபயோகத் தேய்மானம். சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 108ஆம் பிரிவில் நியாயமான தேய்மானத்தைக் குடியிருப்பவர் மேல் போடுவதில்லை. சுவரும் வார்ட்ரோப்பும் அவர் செய்ததாக நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

அப்புறம், அட்வான்ஸ். காலி வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. 28ஆம் தேதியிலிருந்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸே வாங்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்திருக்கிறீர்களா?

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 6

பதினொரு மாத ஒப்பந்தம், ஸ்டாம்ப் பேப்பரில். 2023இல் முடிந்தது. அப்புறம் வாய் வார்த்தைதான். நல்ல மனிதர்கள் என்று விட்டுவிட்டேன்.

---

கறுப்புக்கோட்டு · அக்டோபர் 6

பதினொரு மாதம் என்று போட்டால் எதையும் பதிவு செய்ய வேண்டாம் என்பது பழைய நம்பிக்கை. இப்போது வாடகைக்கு விடுவதென்றால் காலம் எவ்வளவு என்றாலும் எழுத்தில் வேண்டும், ஆன்லைனில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் தகராறு என்று போனால் உங்கள் காகிதத்தை வைத்துப் பேசவே கஷ்டப்படுவீர்கள்.

---

ஷார்ஜாவாசி · அக்டோபர் 6

இழையின் நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கும் சோழிங்கநல்லூரில் ஒன்று இருக்கிறது, எட்டு மாதமாகப் பூட்டியே கிடக்கிறது. இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாதா? லோன் கொடுத்தபோது பேங்க்காரர்களே ஒன்று போட்டார்கள், 1,40,000 லோனோடு சேர்த்துப் பிடித்தார்கள். அது போதுமா?

---

சர்வேயர்_ஓய்வு · அக்டோபர் 7

முப்பது வருடம் நஷ்ட மதிப்பீட்டாளராக இருந்தேன். ஷார்ஜா தம்பி, அந்தக் காகிதத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். அவ்வளவு பெரிய தொகையை ஒரே தவணையாகப் பிடித்திருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உயிருக்கு எடுத்த பாலிசி. நீங்கள் போனால் கடன் அடையும். வீடு போனால் அது பேசாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்த எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு என்று இருப்பது பாரத் கிரிஹ ரக்ஷா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரே வாசகத்தில் கொண்டுவந்த பாலிசி. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் அதில் வரும். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தால், நிரம்பி வழிந்தால் வரும்.

இங்கேதான் மாடிவீட்டுக்காரர் கவனிக்க வேண்டும். குழாய் வெடித்தது ஒரு சம்பவம், தேதியும் நேரமும் உண்டு. ஓதம் சம்பவம் அல்ல. இரண்டு வருடமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியதைத் தேய்மானம், பராமரிப்புக் குறைவு என்று எழுதி மூடிவிடுவோம். நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். புதுக் கட்டடம் உட்காரும்போது வரும் சாதாரண விரிசலும் வராது. அவருக்கு இந்த வகையில் ஒரு ரூபாயும் பெயராது.

காப்பீட்டுத் தொகையில் இன்னொரு குழப்பம். 61 லட்சம் கொடுத்து வாங்கினேன், 61 லட்சத்துக்குப் போடு என்பார்கள். தேவையில்லை. மண் எரியாது. திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதற்குத்தான். 950 சதுர அடி, அடிக்கு உதாரணமாக 2,500 என்றால் 23,75,000. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமானுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். அது உங்கள் சாமான், குடியிருப்பவருடைய சாமான் அல்ல. அவர் தன் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், எடுப்பவரை நான் பார்த்ததில்லை.

வாடகைக்கு விடுபவர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் உள்ள ஆபத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் இழக்கும் வாடகையும் இந்தப் பாலிசியில் கிடைக்கும். வீடு வாடகையில் இருக்கிறது என்பதையும், நீண்ட நாள் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள். முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாத வீடு என்றால் காப்பீட்டில் கேள்வி வரும். எட்டு மாதம் பூட்டிய ஷார்ஜா தம்பிக்கு இதுதான் முதல் வேலை.

---

ஷார்ஜாவாசி · அக்டோபர் 7

காகிதத்தைப் பார்த்தேன் சார். உயிர்தான். நாமினி மனைவி.

---

வாடகைப்பறவை · அக்டோபர் 7

மாடிவீட்டுக்காரர் சார், என் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 8

இரண்டு நாளாக இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

வாட்ஸ்அப்பில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 2024 ஆகஸ்ட் 11. "சார், பாத்ரூம் பக்கச் சுவர் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, ஆள் அனுப்ப முடியுமா?" என்று ஒரு படத்தோடு. ஒரு உள்ளங்கை அளவு கறை. அதற்குக் கீழே என் பதில், கட்டைவிரல் ஒன்று. அவ்வளவுதான். அந்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மறந்தேபோனேன். நவம்பரில் ஒரு முறை போன் செய்திருக்கிறார், பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொன்ன ஞாபகம். பொங்கலுக்குப் போகவில்லை.

22,000 கேட்கலாமா என்று எழுதியதை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

---

கொத்தனார்மகன் · அக்டோபர் 8

உள்ளங்கை அளவில் பிடித்திருந்தால் மேல்வீட்டு நானி ட்ராப்பைச் சுற்றி நாலு டைல்ஸ் எடுத்து அடைத்திருக்கலாம். வார்ட்ரோப் தப்பித்திருக்கும்.

---

முடிச்சூர்க்காரர் · அக்டோபர் 8

உண்மையைச் சொன்னீர்கள் தம்பி, அதுவே பெரிது.

நானும் வாடகை வீட்டு நஷ்டம் பார்த்தவன்தான், ஆனால் என்னுடையது சொட்டுச் சொட்டாக வரவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீரும் அடையாற்றில் ஏற்கெனவே ஓடிய மழைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. எனக்கு முடிச்சூரில் தரைத்தளம் ஒன்று, வாடகை 9,000. விடியும்போது ஜன்னல் மட்டத்துக்கு மேலே. குடியிருந்த குடும்பம் மாடியில் ஏறி உயிர் பிழைத்தது. தண்ணீர் வடிந்த பிறகு போனால் கதவுகள் வீங்கித் திறக்கவில்லை, ஒரு ஜாண் சேறு, சம்பில் சாக்கடை. நாலு மாதம் வாடகை இல்லை. அவர்கள் கொடுத்த அட்வான்ஸை அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்தேன், எங்கே போவார்கள் பாவம். எனக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்தது, அவருக்குக் கிடைத்தது. அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையே சரியாகக் கேட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு இடம் வாங்கினேன். இரண்டிலும் புரோக்கரிடம் வெள்ளம் பற்றிக் கேட்கவே இல்லை, அவர் சொல்லப்போவது தெரிந்ததுதானே. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன், தண்ணீர் கேன் போடும் பையனிடம் கேட்டேன். 2015இல் எது வரைக்கும் வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எது வரைக்கும் வந்தது என்று அவர்கள் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். காம்பவுண்டு சுவரில் புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒரே மட்டமாகக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஃபிளாட் என்றால் மூன்று: ஈபி போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது, சம்பின் மூடி தரை மட்டத்திலா மேடையிலா, லிஃப்ட் மோட்டார் எங்கே. நம் வீடு நாலாவது மாடி, நமக்கென்ன என்பார்கள். கீழே ஈபி போர்டு மூழ்கினால் நாலாவது மாடிக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை. பொங்கலுக்குள் வாடகைக்காரர் காலி.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள், அதைச் சுற்றித்தான் பாதி அடுக்குமாடி நிற்கிறது. வேளச்சேரி என்ற பெயரிலும் ஏரி இருக்கிறதே என்று சொல்ல வராதீர்கள், அந்தப் பெயரில் இருப்பது சேரி.

---

வட்டிக்கணக்கு · அக்டோபர் 8

மிக்ஜாமில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் ஓனருக்கு வந்ததா?

---

முடிச்சூர்க்காரர் · அக்டோபர் 8

ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அங்கே குடியிருந்த குடும்பத்துக்கு. அதுதான் சரியும்கூட.

---

கறுப்புக்கோட்டு · அக்டோபர் 9

பெரியவர் சொன்னதில் ஒரு சட்டக் குறிப்பு. வெள்ளத்தாலோ தீயாலோ வீட்டின் முக்கியமான பகுதி பயன்படுத்த முடியாமல் அழிந்துபோனால் குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அதே 108ஆம் பிரிவு. நோட்டீஸ் காலம் இருக்கிறது, இரண்டு மாத வாடகை கொடு என்று அப்போது நிற்க முடியாது.

இனி மாடிவீட்டுக்காரர் விஷயம். எனக்கு உறுத்துவது ஒரு தேதி. உங்கள் கட்டடம் ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற்றதுதானே? ரேரா சட்டம் 14ஆம் பிரிவு, உட்பிரிவு 3. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து பில்டருக்குத் தெரிவித்தால், முப்பது நாளுக்குள் அவர் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். இல்லாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். உங்களுக்குச் சாவி 2020 மார்ச். ஐந்து வருடம் இந்த மார்ச்சில் முடிந்துவிட்டது.

படம் வந்தது 2024 ஆகஸ்டில். கையில் ஏழு மாதம் இருந்தது. சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 9

அந்தக் கட்டைவிரலின் விலை இப்போதுதான் புரிகிறது.

---

கறுப்புக்கோட்டு · அக்டோபர் 9

இன்னும் முடியவில்லை. கசிவது உங்கள் குளியலறை இல்லை, மேல்வீட்டுடையது. மேல்வீட்டுக்காரர் எப்போது சாவி வாங்கினார்? கேட்டுச் சொல்லுங்கள்.

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 12

நேற்றும் இன்றும் மேடவாக்கத்தில்தான் இருந்தேன்.

கொத்தனார்மகன் தம்பி சொன்ன மாதிரியே பார்த்தோம். மேல்வீட்டில் ஒரு ஐடி தம்பதி. முதலில் முகம் கொடுக்கவில்லை, என் வீட்டுக் குளியலறையில் கசிவே இல்லை, பாருங்கள் காய்ந்துதானே கிடக்கிறது என்றார்கள். தரை காய்ந்துதான் கிடந்தது. அவர்களைக் கீழே கூட்டி வந்து சுவரைக் காட்டினேன். அந்தப் பெண் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி, சோதனை பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நானி ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, பச்சைக் கோலப்பொடி கலந்த தண்ணீரை இரண்டு அங்குலம் கட்டினோம். ராத்திரி முழுக்க ஒன்றும் இல்லை. அடைப்பை எடுத்துத் தண்ணீரை இறக்கினோம். காலை எட்டு மணிக்கு என் சுவரில், வார்ட்ரோப்புக்குப் பின்னால், இலேசாகப் பச்சை.

சாவி வாங்கிய தேதி: 2021 ஜனவரி 22. ஊரடங்கில் பதிவு தள்ளிப்போனதாம்.

---

கொத்தனார்மகன் · அக்டோபர் 12

தண்ணீர் கட்டியபோது வராமல் இறக்கியபோது வந்தது என்றால் தரை நன்றாக இருக்கிறது, ட்ராப்புக்குக் கீழே இருக்கும் குழாய் மூட்டுதான். முழுத் தரையையும் உடைக்க வேண்டாம் அண்ணா. யாராவது 60,000 என்று எஸ்டிமேட் போட்டால் நம்பாதீர்கள்.

---

கறுப்புக்கோட்டு · அக்டோபர் 12

2026 ஜனவரி 22 வரை அவருக்கு நேரம் இருக்கிறது. புகார் அவர் பெயரில்தான் போக வேண்டும், நீங்கள் எழுதினால் வேலைக்கு ஆகாது. மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இரண்டும். பச்சைக் கறையின் படம், உங்கள் வீட்டுச் சுவரின் படம், தேதியோடு. 'கசிவு' என்று மட்டும் எழுதாமல் கழிவுக் குழாய் மூட்டில் வேலைத்தரக் குறை என்று எழுதச் சொல்லுங்கள். பில்டர் பராமரிப்புக் குறைவு என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்.

வார்ட்ரோப் செலவை மேல்வீட்டுக்காரரிடம் கேட்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க அவர் கையெழுத்து உங்களுக்குத் தேவை. எதை முதலில் வாங்குவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

---

மாடிவீட்டுக்காரன் · அக்டோபர் 15

கையெழுத்தை வாங்கினேன். வார்ட்ரோப் பற்றிப் பேசவில்லை.

பழைய வாடகைக்காரருக்கு 79,500 அனுப்பிவிட்டேன். கொசுவலைக்கும் ஸ்விட்ச் குழாய்க்கும் 10,500 பிடித்தேன், பில்லையும் அனுப்பினேன். போனிலும் பேசினேன். ஈரச் சுவர்ப் பக்கம் படுக்க முடியாமல் கடைசி ஆறு மாதம் பையனை ஹாலில் படுக்க வைத்ததாகச் சொன்னார். காலி செய்ததே அதனால்தானாம். எனக்கு அது தெரியாது, பையனுக்குப் பள்ளிக்கூடம் பக்கமாக வீடு மாறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

---

வாடகைப்பறவை · அக்டோபர் 15

மூன்று வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் போனதையும் அந்த 1,12,000-இல் சேர்த்து எழுதுங்கள் சார். இப்போது எத்தனை மாதம் காலியாக இருக்கப்போகிறது?

---

வட்டிக்கணக்கு · அக்டோபர் 15

இரண்டு மாதம் என்றால் 36,000. புரோக்கர் கமிஷன் தனி. இந்த மேஸ்திரி செலவை வரியில் தனியாகக் கழிக்கவும் முடியாது, வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு கொடுத்துவிடுகிறார்கள், செலவு அதற்கு மேலே போனாலும் அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை. இந்த முறை நிஜமாகவே கணக்குதான் சொல்கிறேன்.

---

மாடிவீட்டுக்காரன் · நவம்பர் 16

தீபாவளி கழித்து ஒரு தகவல் சொல்ல வந்தேன்.

பில்டர் முதலில் பதிலே போடவில்லை. இருபதாவது நாள் ஒரு சூப்பர்வைசர் வந்தார், டைல்ஸைச் சரியாகக் கழுவாததால் வந்தது என்றார். மேல்வீட்டுப் பெண் பச்சைக் கறை படத்தைக் காட்டி, ரேராவில் புகார் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னதும் பேச்சு மாறியது. போன வாரம் ஆறு டைல்ஸ் எடுத்து, ட்ராப்புக்குக் கீழே மூட்டை மாற்றினார்கள். உடைத்தபோது உள்ளே ஜல்லியெல்லாம் ஊறிக் கறுத்து, நாற்றம் தாங்கவில்லை. வெளியே எடுத்துப் போட்டுக் காய வைத்துத்தான் மறுபடி நிரப்பினார்கள். வேலை அவர்கள் செலவு. என் சுவர், வார்ட்ரோப், பெயிண்ட், கதவு எல்லாம் என் செலவு, 1,01,500.

அசோசியேஷனில் இன்னும் மூன்று வீட்டில் இதே மாதிரி ஓதம் இருப்பது இதற்கப்புறம்தான் வெளியே வந்தது. அவர்கள் சாவி தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு டிசம்பர் 4 வரைதான் இருக்கிறது.

கட்டடப் பாலிசியும் எடுத்தேன், 24 லட்சத்துக்கு, வாடகை வீடு என்று எழுதியே கொடுத்தேன். புதுசாக ஒரு குடும்பம் தை மாதம் வருகிறது. இந்த முறை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப்போகிறேன், மூன்று மாத அட்வான்ஸ். சுவருக்குப் பெயிண்டர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.

---

கொத்தனார்மகன் · நவம்பர் 16

செவ்வாய் வேண்டாம் அண்ணா. பூசிய சுவர் காய இந்த மழையில் ஒரு மாதமாவது விடுங்கள். ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் போடும். புது வார்ட்ரோப்பைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள்.

மூட்டு மாற்றிய பிறகு மேலே மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, இறக்கிப் பார்த்தீர்களா?

---

மாடிவீட்டுக்காரன் · நவம்பர் 16

இல்லையே. பில்டர் ஆள் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேல்வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டேன். இன்று சாயங்காலம் கட்டுகிறார்கள்.